முற்றுகைக்குள் ஒரு கிரயம்

எரேமியாவின் புத்தகத்தில் 32-ஆம் அதிகாரம் ஒரு நிலக் கிரயத்தைப் பற்றியது. வேதாகமத்தில் வேறு கிரயங்களும் உண்டு. ஆபிரகாம் மனைவியை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். தாவீது ஒரு களத்தையும் மாடுகளையும் 50 சேக்கலுக்கு வாங்குகிறார். ஆனால் பத்திரம் எழுதியது, முத்திரை போட்டது, சாட்சிகள் கையெழுத்திட்டது, நகல் வைத்தது, இரண்டையும் எதில் பத்திரப்படுத்துவது என்று உத்தரவிட்டது என ஒவ்வொரு படியையும் சொல்லும் இடம் இது ஒன்றுதான். சொத்துப் பத்திரங்களைப் படித்து அபிப்பிராயம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, எபிரேயத் தீர்க்கதரிசிகளை வாசிக்கும்போது ஏசாயாவின் கவிதையையும் எசேக்கியேலின் சக்கரங்களையும் தாண்டி இந்தப் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேர்கிறேன்.

தீர்க்கதரிசிகளைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் ஒரு வரிசை உண்டு. மக்கள் பாவம் செய்தார்கள், கடவுள் தண்டித்தார், பிறகு மனமிரங்கி மீட்டுக்கொண்டார். தீர்ப்பு முதல் பாகம், மீட்பு இரண்டாம் பாகம். சில பிரசங்கிமார் முதல் பாகத்தை ஓட்டமாய் ஓடிக் கடந்து இரண்டாவதில் நின்று பேசுவார்கள். வேறு சிலர் முதல் பாகத்திலேயே நம்மை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எரேமியாவை அதன் போக்கில் வாசித்தால் இந்த வரிசை நிற்பதில்லை. அங்கே தீர்ப்பும் மீட்பும் ஒரே வேளையில், ஒரே ஆளின் வாயிலிருந்து, ஒரே ஊரைக் குறித்து வருகின்றன. தீர்ப்பைச் சொல்ல மனமில்லாதவர் கொடுக்கும் மீட்பு வாக்கு செல்லாது என்பதே அந்தப் புத்தகத்தின் வாதம் என்று எனக்குப் படுகிறது. கிரயக் கதை அந்த வாதத்தின் நடுவில் வருகிறது.

சிதேக்கியா ராஜாவின் 10-ஆம் ஆண்டு. கி.மு. 588-க்கும் 587-க்கும் இடைப்பட்ட காலம். எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது, மதிலுக்கு வெளியே முற்றுகை மேடுகள் எழும்பிவிட்டன, உள்ளே பஞ்சம். எரேமியா காவற்காரரின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும், ராஜா பிடிபடுவார் என்று பகிரங்கமாகச் சொன்னதுதான் குற்றம். யோசியா ராஜாவின் 13-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 627-இல் பேசத் தொடங்கியவர். ஏறக்குறைய 40 ஆண்டுகளாக இதே பேச்சு. அந்த முற்றத்துக்கு அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறார். வறுமைப்பட்டவன் விற்கும் நிலம் குடும்பத்தை விட்டுப் போகாதபடி நெருங்கிய உறவினர் அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது லேவியராகமம் 25-ஆம் அதிகாரச் சட்டம். அனாமெயேல் சட்டப்படிதான் கேட்கிறார். முற்றுகையிட்ட நகருக்குள் அவர் எப்படி வந்தார் என்று புத்தகம் சொல்லவில்லை. அகதியாக ஏற்கெனவே உள்ளே வந்து கையில் காசில்லாமல் தவித்தவராக இருக்கலாம்.

என்னிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தால் ஒரே பக்கத்தில் எழுதியிருப்பேன். சொத்து இருப்பது எருசலேமிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வடகிழக்கே, எதிரிப் படை நடமாடும் பகுதியில். சுவாதீனம் எடுக்க வழியில்லை. வாங்குபவர் சிறையில். அரசு விழப்போகிறது என்று வாங்குபவரே சாட்சி சொல்லியிருக்கிறார். விழுந்தபின் இந்தப் பத்திரத்தை மதிக்கப்போகும் நீதிமன்றம் எது என்பது தெரியாது. இவற்றையெல்லாம் விட முக்கியம், வாங்குபவருக்கு வாரிசு இல்லை. நீ மனைவி கொள்ளாதே, இந்த இடத்தில் உனக்குப் பிள்ளைகள் வேண்டாம் என்று 16-ஆம் அதிகாரத்திலேயே அவருக்குக் கட்டளை வந்துவிட்டது. வேண்டாம் என்பதற்கு இதைவிடக் காரணங்கள் தேவையில்லை.

ஆனதோத் எந்த ஊர் என்பதையும் பார்க்க வேண்டும். லேவியருக்கு ஒதுக்கப்பட்ட ஊர், ஆசாரியர்களின் ஊர். சாலொமோன் ஆட்சிக்கு வந்தபோது, போட்டியாளன் பக்கம் நின்ற ஆசாரியன் அபியத்தாரைக் கொல்லாமல், ஆனதோத்தில் உன் நிலத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டார். எரேமியா அந்த ஊர் ஆசாரியர் குடும்பத்துப் பிள்ளை. அந்த ஊர்க்காரர்கள்தான் அவரைக் கொல்லத் திட்டம் போட்டார்கள். 11-ஆம் அதிகாரத்தில் அது வருகிறது: கர்த்தரின் பேரால் பேசாதே, பேசினால் எங்கள் கையால் சாவாய் என்று மிரட்டுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில், உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாரும்கூட உனக்குத் துரோகம் செய்தார்கள், இனிமையாகப் பேசினாலும் நம்பாதே என்று எச்சரிக்கை வருகிறது. பதிலுக்கு ஆனதோத்தின் மேல் விழும் தீர்ப்பும் கடுமையானது: வாலிபர் பட்டயத்தால் சாவார்கள், பிள்ளைகள் பஞ்சத்தால் சாவார்கள், அவர்களில் ஒருவரும் மீதியாக இருக்கமாட்டார்கள். அந்த ஊரில்தான், அந்தக் குடும்பத்தாரிடமிருந்துதான், இப்போது நிலம் வாங்கச் சொல்கிறார்கள்.

அவர் வாங்குகிறார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. சேக்கல் அப்போது நாணயம் ஆகவில்லை, எடைதான். இன்றைய கணக்கில் மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசில் நிறுத்துக் கொடுத்தார் என்று இருக்கிறது. நிலத்தின் அளவு சொல்லப்படாததால் விலை மலிவா என்று கணக்குப் பார்க்க முடியாது. பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர், நேரியாவின் மகன் பாரூக்கிடம் கொடுக்கிறார். அனாமெயேலும் சாட்சிகளும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் உத்தரவு வருகிறது: இந்தப் பத்திரங்களை ஒரு மண்பாண்டத்தில் வை, அவை நெடுநாள் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சத் தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும்.

வேதாகமத்தின் மீட்பு வாக்குகளில் இவ்வளவு அலங்காரம் இல்லாத வாக்கு அரிது. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் என்பது ஏசாயா. உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழும்பும் என்பது எசேக்கியேல். எரேமியாவோ இங்கே நிலம் கைமாறும் என்கிறார், பத்திரம் செல்லும் என்கிறார். சொத்தை நம்பி வாங்கவும் விற்கவும் முடிகிற நாடு நாடாக இருக்கும், அவ்வளவுதான். போரில் பத்திரம் தொலைத்த குடும்பங்களோடு பேசியிருப்பவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இரட்டைப் பிரதி வழக்கத்துக்குப் பிற்காலச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஒரே தாளில் வாசகத்தை இரண்டு முறை எழுதி, மேல்பாதியைச் சுருட்டி நூலால் கட்டி மூடிவிட்டு, கீழ்ப்பாதியைப் படிக்கத் திறந்து வைப்பார்கள். தகராறு வந்தால் நீதிபதி முன்னால் கட்டை அறுத்து மேல்பாதியோடு ஒப்பிடலாம். 1961-இல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில், பபதா என்ற யூதப் பெண்ணின் பத்திரக் கட்டு ஒரு தோல்பையில் கிடைத்தது. 35 ஆவணங்கள். பலவும் இப்படி இரட்டையாக எழுதப்பட்டவை. கடைசி ஆவணம் கி.பி. 132-ஐச் சேர்ந்தது, ரோமருக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கிய ஆண்டு. பேரீச்சந் தோப்புகளும் வழக்குகளும் உள்ள அந்தப் பெண் பத்திரங்களைப் பொதிந்து எடுத்துக்கொண்டு குகைக்குள் ஒதுங்கியிருக்கிறார். உயிர் தப்ப ஓடுகிறவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தொழில்முறை ஆர்வம்.

எரேமியாவின் பாண்டம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த உலகத்தின் முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. 1982-இல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் யிகால் ஷீலோ தலைமையில் நடந்த அகழாய்வில் 51 களிமண் முத்திரைகள் ஒரே வீட்டில் கிடைத்தன. பாபிலோனியர் வைத்த தீயில் பாப்பிரஸ் ஏடுகள் சாம்பலாகிவிட்டன. அவற்றைக் கட்டியிருந்த களிமண் சுட்டு இறுகி நிலைத்துவிட்டது. அவற்றில் ஒன்றில் "சாப்பானின் மகன் கெமரியா" என்று இருக்கிறது. 36-ஆம் அதிகாரத்தில், எரேமியாவின் சுருளைப் பாரூக் ஜனங்களுக்கு வாசித்துக் காட்டியது கெமரியாவின் அறையில்தான். பிறகு அதே சுருள் யோயாக்கீம் ராஜாவிடம் போனது. குளிர்கால மாளிகை, ஒன்பதாம் மாதம், எதிரே கணப்பு. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா பேனாக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டார். வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் கெமரியா ஒருவர். எரித்த சுருளை எரேமியா மறுபடி சொல்லப் பாரூக் மறுபடி எழுதினார், முன்பைவிட அதிகமாகவே. எரிந்த சுருளின் வாசகம் நம் கையில் இருக்கிறது. எரித்த ராஜாவின் நகரமும் எரிந்தது. கெஞ்சியவர் பெயரை மட்டும் நெருப்பே சுட்டுப் பாதுகாத்துக் கொடுத்தது. பாரூக்கின் முத்திரை என்று சந்தையில் வந்த ஒன்றும் பிரபலமானது, ஆனால் அது போலி என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எந்த மூலப்பத்திரத்தையும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நம்பக் கூடாது.

கிரயம் முடிந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எரேமியா ஜெபிக்கிறார். அது நன்றி ஜெபம் போலத்தான் தொடங்குகிறது, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினீர் என்று. முடிவில் பார்த்தால் முழுக்கக் குழப்பம்: இதோ முற்றுகை மேடுகள் நகரம் வரைக்கும் வந்துவிட்டன, நகரம் கல்தேயர் கையில் கொடுக்கப்பட்டாயிற்று, நீர் சொன்னபடியே நடந்தது, நீரே பார்க்கிறீர், நீரோ எனக்கு நிலத்தைக் காசு கொடுத்து வாங்கு, சாட்சி வை என்கிறீர். முதலில் பணம் கொடுத்துப் பத்திரம் முடித்தாயிற்று. கேள்வி அதற்கப்புறம்தான். மீட்பை நம்பியதால் வாங்கினார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாசகத்தின்படி வாங்கிய கைக்கு நம்பிக்கை இன்னும் வந்து சேரவில்லை. தன் தீர்ப்பை அவர் ஒரு வார்த்தைகூடத் திரும்பப் பெறவும் இல்லை.

அந்தத் தீர்ப்பு எதற்கு என்பதை மறந்துவிட்டால் மீட்பு வெறும் அதிர்ஷ்டமாகிவிடும். 34-ஆம் அதிகாரத்தில் அது கண்ணெதிரே நடக்கிறது. எபிரேய அடிமை ஆறு வருஷம் வேலை செய்தால் ஏழாம் வருஷம் விடுதலை என்பது சட்டம். யாரும் கடைப்பிடித்ததில்லை. பாபிலோன் படை கழுத்தை நெரித்தபோது சிதேக்கியாவும் பிரபுக்களும் ஆலயத்தில் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து, எல்லா அடிமைகளையும் விடுவிக்கிறோம் என்று உடன்படிக்கை செய்தார்கள். விடுவித்தும் விட்டார்கள். எகிப்திலிருந்து பார்வோனின் சேனை வருகிறது என்று கேட்டுப் பாபிலோன் படை சற்று விலகியது. உடனே விடுவித்த ஆண்களையும் பெண்களையும் திரும்பப் பிடித்து வந்து மறுபடி அடிமையாக்கினார்கள். எரேமியாவின் பதில்: நீங்கள் விடுதலை கொடுக்கவில்லை, அதனால் நான் உங்களுக்கு விடுதலை கொடுக்கிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் போகும் விடுதலை. புத்தகத்தில் நான் அதிகம் அஞ்சும் வாக்கியம் இது. கோபத்தில் பிறந்த வாக்கியமாகத் தெரியவில்லை. கணக்குப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

அதே அதிகாரம் லாகீசும் அசெக்காவும் மட்டுமே யூதாவில் மிஞ்சிய கோட்டைகள் என்கிறது. 1935-இல் லாகீசின் இடிபாட்டில், வாயில் பக்கத்து அறையில், மையால் எழுதிய ஓட்டுச்சில்லுகள் கிடைத்தன. ஒரு காவல் அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றில், லாகீசின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்ற செய்தி இருக்கிறது. இன்னொன்றில், பிரபுக்களின் வார்த்தைகள் நல்லவை அல்ல, கைகளைத் தளரச் செய்கின்றன என்ற புலம்பல். 38-ஆம் அதிகாரத்தில் பிரபுக்கள் எரேமியாமேல் வைத்த குற்றச்சாட்டும் இதே வார்த்தைதான்: போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறான், கொல்ல வேண்டும்.

கைகளைத் திடப்படுத்தியவர்களும் இருந்தார்கள். முதல் நாடுகடத்தல் கி.மு. 597-இல் நடந்து, ராஜா யோயாக்கீனும் ஆலயப் பாத்திரங்களும் பாபிலோன் போய்ச் சேர்ந்த சில ஆண்டுகளில், கிபியோன் ஊர்த் தீர்க்கதரிசி அனனியா ஆலயத்தில் நின்று அறிவித்தார்: இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும், ராஜாவும் வருவார். எரேமியா அப்போது கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்துகொண்டிருந்தார், பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதைக் காட்ட. அனனியாவுக்கு அவர் சொன்ன முதல் பதில் "ஆமென், அப்படியே ஆகட்டும்." நக்கலாகச் சொன்னார் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் நமக்கு முன் இருந்தவர்கள் யுத்தத்தையும் கேட்டையும் சொன்னார்கள், சமாதானம் சொல்பவனை அது நடந்தபின்தான் நம்ப வேண்டும் என்கிறார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போடுகிறார். எரேமியா ஒன்றும் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். கையில் பதில் இல்லை, அதனால் பேசவில்லை. பிறகு வார்த்தை வந்ததும் திரும்பி வந்து, மர நுகத்தை உடைத்தாய், இனி இரும்பு நுகம் என்கிறார்.

அனனியாவின் வாக்கும் மீட்பு வாக்குதான். பாத்திரங்கள், ராஜா, மக்கள், தேதி, எல்லாம் இருக்கிறது. அடிமைகள் மட்டும் அதில் இல்லை. ஏன் போனோம் என்ற கேள்வியும் இல்லை. தீர்ப்பைச் சொல்ல மனமில்லாதவரின் மீட்பு வாக்கு செல்லாது என்று மேலே சொன்ன வாதத்தை நான் எடுத்தது இந்த இடத்திலிருந்துதான்.

அனனியாவின் கதைக்கு அடுத்த அதிகாரம், 29-ஆம் அதிகாரம், பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்து கொண்டுவரும் வாக்குத்தத்த அட்டைகளில் அதன் 11-ஆம் வசனத்தைப் பார்க்காத வீடு குறைவு: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம்தான். அதற்கு முந்தைய வசனத்தையும் அட்டையில் சேர்த்து அச்சடிக்க எந்தப் பதிப்பாளருக்கும் துணிவு வராது. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று அங்கே இருக்கிறது. கடிதத்தைப் படித்த வளர்ந்தவர்களில் அநேகமாக எவரும் திரும்பப் போவதில்லை என்று பொருள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைகொண்டு போன நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். அவர்கள் அப்படியே செய்தார்கள் என்பதற்கும் பத்திரங்கள் உண்டு. பாபிலோன் அரண்மனை இடிபாட்டில் கிடைத்து 1939-இல் வெளியான களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய்ப் படி அளந்த கணக்கு இருக்கிறது. தென் மெசபடோமியாவில் யூதாவின் பெயராலேயே வழங்கிய ஒரு குடியேற்றத்தில் கி.மு. 572 முதல் எழுதப்பட்ட பலகைகளில் யூதர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், வரி கட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் தேதியும் சாட்சிகளும். மனம் நிறைகிறது.

தீர்ப்பு எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாரும் அங்கே நீண்ட நேரம் நிற்க விரும்பமாட்டார்கள். கி.மு. 587 அல்லது 586-இல், நான்காம் மாதம் மதில் உடைந்தது. ஐந்தாம் மாதம் ஆலயம் எரிந்தது. ரிப்லாவில் சிதேக்கியாவின் மகன்களை அவர் கண் முன்னே கொன்றார்கள், பிறகு அந்தக் கண்களையும் பிடுங்கினார்கள். சிறைப்பட்டவர்களை ராமாவில் சங்கிலியிட்டுச் சேர்த்தார்கள், எரேமியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ராமாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் கொள்ள மறுக்கிறாள் என்ற அவருடைய வசனத்தை அந்தச் சங்கிலிகளோடு சேர்த்துத்தான் வாசிக்க முடிகிறது.

ஆனால் இதற்குள் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, அதில் நிற்கலாம். எரேமியாவைப் பிரபுக்கள் தண்ணீரில்லாத துரவில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள், சேற்றில் அமிழ்ந்தார். அரண்மனைப் பணியாள், எபெத்மெலேக் என்ற கூஷ் தேசத்தவர், ராஜாவிடம் நேரே போய்ப் பேசி அனுமதி வாங்கி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் அரண்மனைப் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்க் கந்தைத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டார். அவற்றைக் கயிற்றில் இறக்கி, அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பட்டினி கிடந்த கிழவரின் தோலைக் கயிறு அறுத்துவிடும் என்று அந்த நெருக்கடியில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நகரம் விழும் என்று திரும்பவும் சொல்லும் செய்தியிலேயே இவருக்கு மட்டும் தனியாக, உன்னை நிச்சயமாய் விடுவிப்பேன் என்று வாக்கு வருகிறது. யூதாவின் பிரபுக்களுக்குக் கிடைக்காத ஒன்று ஒரு வெளிநாட்டுப் பணியாளுக்குக் கிடைத்தது. அந்தப் பிரபுக்களில் இருவரின், யூகாலின், பஸ்கூரின் மகன் கெதலியாவின், முத்திரைகள் 2005-லும் 2008-லும் எருசலேம் மண்ணில் கிடைத்தன. எபெத்மெலேக்குக்கு முத்திரை இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

எரேமியாவைப் புனிதராக்கி அலமாரியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தன் எதிரிகளின் பிள்ளைகளைப் பஞ்சத்துக்குக் கொடும் என்று 18-ஆம் அதிகாரத்தில் வேண்டிக்கொள்கிறார். அதை எந்த விளக்கத்தாலும் மெழுக முடியாது. கடைசிக் காலத்தில் அவரை எகிப்துக்கு இழுத்துப் போன மக்களோடு நடந்த வாக்குவாதமும் அவருக்கு வெற்றியாக முடியவில்லை. வானராக்கினி என்ற தேவதைக்குத் தூபம் காட்டியதால்தான் இந்த அழிவு என்கிறார் அவர். ஆண்களும் பெண்களும் திருப்பிக் கேட்கிறார்கள்: நாங்கள் தூபம் காட்டிய காலத்தில் வயிறார உண்டோம், நன்றாக இருந்தோம், நிறுத்திய நாள் முதல்தான் பட்டயமும் பஞ்சமும். அதே அழிவு, அதே சாட்சியம், எதிர்மாறான தீர்ப்பு. புத்தகத்தைத் தொகுத்தவர்கள் அந்த வாதத்தை வெட்டாமல் முழுசாக வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வாதத்தைப் பதிவில் விட்டுவைக்கும் எழுத்தர்மேல் எனக்கு மரியாதை.

இந்த மரபைக் காத்த யூதர்களும் தீர்ப்பை வெட்டவில்லை. ஆலயம் எரிந்த நினைவாக ஆப் மாதம் 9-ஆம் நாள் உபவாசம் இருப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று ஓய்வுநாள்களில் ஜெப ஆலயத்தில் கண்டனப் பகுதிகளை வாசிப்பார்கள், முதல் இரண்டும் எரேமியாவிலிருந்து. பிந்தைய ஏழு ஓய்வுநாள்களில் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள். மூன்றுக்கு ஏழு என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏசாயா, மல்கியா, புலம்பல், பிரசங்கி ஆகியவற்றை வாசித்து முடிக்கும்போது, கடுமையான கடைசி வசனத்தோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய வசனத்தை மறுபடி வாசிக்கும் வழக்கமும் உண்டு. கடைசி வசனத்தை அழிக்கமாட்டார்கள். அதையும் வாசித்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

அறிவிக்கப்பட்ட தீர்ப்பு நிறைவேறித்தான் ஆக வேண்டுமா என்ற வழக்கு எரேமியாவின் விசாரணையிலேயே வந்தது. ஆலயத்தைக் கர்த்தர் அழிப்பார் என்று சொன்னதற்காக 26-ஆம் அதிகாரத்தில் அவருக்கு மரண தண்டனை கேட்கிறார்கள். அப்போது மூப்பர்கள் எழுந்து முன்தீர்ப்பு ஒன்றைக் காட்டுகிறார்கள்: எசேக்கியா ராஜாவின் நாளில் மொரேசா ஊர் மீகா, சீயோன் வயலைப்போல உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்றாரே, ராஜா அவரைக் கொன்றாரா? கர்த்தருக்குப் பயந்து மன்றாடினார், கர்த்தரும் மனம் மாறினார். மீகாவின் வாக்கு நடக்காமல் போனதால் மீகா பொய்யர் என்று அந்த மூப்பர்களில் ஒருவரும் சொல்லவில்லை. நடக்காமல் போனதுதான் அந்த வாக்கின் வேலை முடிந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். நினிவே 40 நாளில் கவிழும் என்று சொல்லி, கவிழாததால் கோபித்துக்கொண்ட யோனாவின் கதையும் இதே வழக்குதான். பாவநிவாரண நாளின் பிற்பகலில் அதை முழுவதுமாக வாசிக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எஸ்றாவின் புத்தகத்துக்குப் போக வேண்டும். கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீகரிடம் விழுந்தது. பாரசீக ராஜா கோரேசின் அனுமதியோடு மக்கள் திரும்பினார்கள். இரண்டாம் அதிகாரம் வெறும் பட்டியல், இன்ன குடும்பத்தார் இத்தனை பேர், இன்ன ஊரார் இத்தனை பேர். பிரசங்கத்துக்கு உதவாத அதிகாரம். அதன் 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128. நெகேமியாவின் 7-ஆம் அதிகாரப் பட்டியலிலும் அதே எண். ஒருவரும் மீதியாக இருக்கமாட்டார்கள் என்று எரேமியா சொன்ன ஊர் அது. அந்த வசனத்தை யாரும் திருத்தவில்லை, இந்த எண்ணையும் யாரும் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே வேதாகமத்தில் சில புத்தகங்கள் தள்ளி இருக்கின்றன. அந்த 128 பேரில் அனாமெயேலின் வழியினர் இருந்தார்களா, பாண்டத்தை யாராவது தேடினார்களா, 17 சேக்கல் நிலம் கடைசியில் யார் சுவாதீனத்தில் போனது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. கிரயம் செய்தவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பியதாகக் குறிப்பு இல்லை. நெகேமியா 11-ஆம் அதிகாரத்தில், பென்யமீன் கோத்திரத்தார் குடியிருந்த ஊர்களின் வரிசையில், ஆனதோத் மறுபடி வருகிறது.